வெயிலில் சரிந்த மலை

போன ஐப்பசியில், தீபாவளி கழிந்த மறுவாரம், பதுளைக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. திருச்சியில் நான் பார்க்கும் ஆய்வு வேலை பொங்கலோடு முடிகிறது, அதற்குள் அடுத்த வேலையைப் பிடித்தாக வேண்டும். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே பிஎச்டி முடித்துவிட்டு, சொந்தக்காரர்கள் "அடுத்து என்னம்மா?" என்று கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்கள். அதனால் போன கதையை விவரமாகவே எழுதுகிறேன். நடுவில் ஒரு பெரிய கூத்து நடந்தது, அதையும் விடப் போவதில்லை.

புதிதாக வருபவர்களுக்கு: என் துறை திடப்பொருள் இயக்கவியல். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது வளையும், எப்போது உடையும் என்று கணினியில் மாதிரி கட்டிக் கணக்குப் போடுவது. நான் உலோகத்தில் ஆரம்பித்து, பிறகு மண்ணுக்கு வந்தவள். "ஏன் இறங்கிட்ட?" என்று ஒரு நண்பன் கேட்டான். சம்பளமும் இறங்கிவிட்டது என்று சொன்னேன்.

பதுளையில் ஒரு கல்வி நிறுவனத்தில் ஐந்து நாள் பட்டறை. முப்பது பேர்தான். பெரிய மாநாடுகளைவிட இந்த மாதிரி சின்னக் கூட்டங்கள்தான் வேலை தேடுபவர்களுக்கு நல்லது என்று அடித்துச் சொல்வேன். ஆயிரம் பேர் வரும் மாநாட்டில் பேராசிரியர் உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கழுத்துக்குப் போய்விடுவார். இங்கே ஐந்து நாளும் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்க வேண்டும், தப்பிக்க முடியாது. பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டேன், மறுநாளே சரி என்றார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். அன்றிரவு கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டு, காலை ரயிலில் ஏறினேன். பதுளை கடைசி நிலையம். எண்பது கிலோமீட்டர் தாண்டும்போதே மலை ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு வண்டி நடந்து வருகிறவர்களுக்கு வழிவிட்டுப் போவது மாதிரிதான் போகும். மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல். எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்று இணையத்தில் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நான் ஹட்டன் வரை தூங்கினேன், எந்தப் பக்கமும் பாதகமில்லை. இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இலங்கை ரூபாய் ஆனது. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் விழுந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

பதுளையில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது, தூறல் வேறு. பட்டறைக்காரர்கள் அனுப்பிய வேன் வெளியே நின்றது. ஓட்டுநர் ரவி அண்ணன். நாற்பது வயதிருக்கும். என் பையைத் தூக்கி வைத்துவிட்டு, "இந்தியாங்களா மிஸ்? எந்த ஊரு?" என்றார். திருச்சி என்றதும், "எங்க பூட்டன் துறையூர்ப் பக்கம்தானாம். அத வச்சு ஒண்ணும் கெடைக்காது, சும்மா சொன்னேன்" என்றார். அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

விடுதி அறையை நிமேஷாவோடு பகிர்ந்துகொண்டேன். தெற்கே காலி நகரத்துப் பெண், மண்ணியல் பொறியியலில் பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருப்பவள். எனக்குச் சிங்களம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் சமாளித்தோம். ஆளுக்கு ஓர் இரவுக்கு இரண்டாயிரம் ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும். அந்தச் சம்பலுக்கு இன்னும் நாக்கு ஊறுகிறது.

பட்டறை இப்படி நடந்தது. காலையில் வகுப்புகள், மதியம் குழு வேலை. ஒருநாள் மதியம் மட்டும், ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களிடம் என்ன வேலை காலியாக இருக்கிறது என்று ஐந்து நிமிடம் சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியரிடம் இரண்டு வருட போஸ்ட்டாக் வேலை, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை, ஒன்று இருந்தது. ஈர மண் சரிவுகளை மாதிரியாக்கும் வேலை. எனக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. "குழு வேலையில் யார் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுப்பேன்" என்றார். அன்றிலிருந்து நான் சிந்திப்பதை எல்லோருக்கும் தெரியும்படி சிந்திக்க ஆரம்பித்தேன்.

குழு வேலைக்குக் கொடுத்தது நிஜமான ஒரு மலைச் சரிவு. பண்டாரவளைக்கு அந்தப் பக்கம், பூனாகலை போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடு, ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக, குடும்பத்துக்கு ஓர் அறை. பட்டறைக்காரர்கள் முன்பே அங்கே கருவி வைத்து, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்திருந்தார்கள். மழையில் இந்தச் சரிவு நிற்குமா, சரிந்து வருமா? அதுதான் கேள்வி.

இதை நான் ரவி அண்ணனிடம் சொன்னபோது அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அது எங்கக்கா லயம் மிஸ்" என்றார். "பதினோரு குடும்பம். ஆபீசுக்காரங்க வந்து பாத்துட்டு, மழை முடியிற வரைக்கும் லயத்துல இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. எல்லாரும் கோயில் மண்டபத்துல படுத்திருக்காங்க. அக்கா மக புள்ள பெத்து இன்னும் நாப்பது நாளாகல. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு சிமிண்டுத் தரையில." பிறகு சாலையின் அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினார். "மீரியபெத்த அந்தாண்டதான்." 2014இல் மண்ணுக்கடியில் போன தோட்டம்.

நிமேஷாவும் நானும் ஒரே குழு. அவள் கருவித் தரவைச் சீர் செய்து கொடுப்பாள், நான் மாதிரியில் போட்டு ஓட்டுவேன். இந்த இடத்தில் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். உலோகக்காரர்களான நாங்கள் இழுப்பதைப் பிளஸ் என்போம், அமுக்குவதை மைனஸ் என்போம். மண்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ், அமுக்குவதுதான் பிளஸ். மண் எப்போதும் அமுங்கித்தானே கிடக்கிறது, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மைனஸ் போட அவர்களுக்குச் சோம்பல். இரண்டு கூட்டமும் சேர்ந்து வேலை செய்யும்போது யாராவது ஒருவர் குறியை மாற்ற வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பால்குடி மறக்கும் முன்பே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

நான்காம் நாள் எங்கள் முடிவைத் திரையில் காட்டினோம். மண்ணுக்குள் தண்ணீர் உச்சத்துக்கு ஏறியிருந்த நாளை எடுத்து ஓட்டியிருந்தோம். சரிவு அசையவே இல்லை. தாங்கும் வலிமை தேவையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. ஜெர்மன் பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னேன். "நாளை களத்துக்குப் போய் வந்ததும் நாம் தனியாகப் பேசலாம்" என்றார். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

வெளியே டீக்கடையில் ரவி அண்ணன் நின்றிருந்தார். "என்ன மிஸ், ஆகாசத்துல போறீங்க?" என்றார். கணக்கு நன்றாக வந்துவிட்டது என்றேன்.

"அப்ப பயமில்லியா?"

"பயமில்லண்ணே. எவ்வளவு மழை பெஞ்சாலும் உங்க மலை நிக்கும்."

அவர் என் பிளேன்டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பட்டறைப் பயிற்சிதான் அண்ணே, இதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது, நானும் நன்றாக இருந்தேன்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு இரண்டு வேன்களில் கிளம்பினோம். பதுளையிலிருந்து பண்டாரவளை முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொரு முக்கால் மணி, கடைசியில் சாலை என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று. வயிறு பிரட்டுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். ரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள், பதுளைக் கடைத்தெருவிலேயே ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நான் நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் அதற்குள்ளே நான்கு அட்டைகளுக்கு வீடு கொடுத்தேன்.

கோயில் மண்டபத்தில்தான் எங்களை உட்காரவைத்தார்கள். நல்ல பெரிய மண்டபம், ஆனால் பதினோரு குடும்பத்துக்குப் பெரிதில்லை. சேலைகளைக் கட்டித் தடுப்புப் போட்டிருந்தார்கள். தடுப்புகளில் பாதியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார இடம் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரவி அண்ணனின் அக்கா சாந்தி நேராக என்னிடம் வந்தார். கொழுந்து பறிப்பவர், குரலே கொஞ்சம் அதட்டலாக இருக்கும். "நீங்கதானா அந்த மிஸ்? தம்பி நேத்தே போன் பண்ணிட்டான். மகராசியா இருங்க. இன்னைக்கு வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்குக்கூட போகல நாங்க, சாமான் தூக்கணும்னு நின்னுட்டோம். புள்ளைக்கு இன்னைக்கு நம்ம காம்பராவுலயே சுடுதண்ணி வச்சுக் குளிப்பாட்டிரலாம்" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். லயத்துக்கு.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்படித்தான் இருந்தது, வேறு மாதிரி எழுத மாட்டேன்.

டீ வரும்வரை மடிக்கணினியைத் திறந்தேன். மழை நாள் படம் ஒன்றை மட்டும் காட்டினால் இவர்களுக்கு என்ன புரியும், பக்கத்தில் வெயில் நாள் படமும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நன்றாயிருக்குமே என்று தோன்றியது. பட்டறையில் யாரும் வெயில் நாளை ஓட்டவில்லை. எதற்கு ஓட்ட வேண்டும்? மண் காய்ந்து கிடக்கும் நாளில் எந்த மலையும் சும்மாதான் நிற்கும். தரவில் மழையே இல்லாத ஒரு வாரத்தைப் பிடித்துப் போட்டு ஓட விட்டேன்.

வெயிலில் மலை சரிந்தது. திரையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு முழுசாகச் சிவந்து, வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. பைத்தியம் பிடித்துவிட்டதா இதற்கு என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் வந்தது.

"நிமேஷா, தண்ணீர் அழுத்தத் தரவில் குறியை மாற்றினாயா?"

"ஆமாம். நீ உலோகத்துக்காரி இல்லையா, மறந்துவிடுவாய் என்று மாற்றியே கொடுத்தேன்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நானும் மாற்றினேன்."

அவள் சிரிப்பு நின்றது. மைனஸுக்கு மைனஸ் பிளஸ். அவளும் கவனமாக இருந்தாள், நானும் கவனமாக இருந்தேன், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கவில்லை. மண்ணைப் பிரித்துவிடும் தண்ணீரை, மண்ணை இறுக்கிப் பிடிக்கும் பசையாக மாதிரிக்குக் கொடுத்திருந்தோம். மழை கூடக்கூட மலை கெட்டிப்படும், காய்ந்தால் சரியும் என்று அது சொன்னது. நாங்கள் கைதட்டு வாங்கினோம்.

ஒரே ஒரு மைனஸை எடுத்துவிட்டு மழை நாளை மறுபடி ஓட்டினோம். வலிமை தேவைக்குக் கீழே போய்விட்டது.

பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "அவசரப்பட வேண்டாம். பதுளைக்குப் போய் நிதானமாகச் சரிபார்ப்போம். பிறகு முறைப்படி உரியவர்களுக்கு எழுதலாம். முப்பது பேர் முன்னால் இப்போது எழுந்து சொல்வது நம் யாருக்கும் நல்லதல்ல." அறிவாளித்தனமான யோசனைதான். என் வேலை அந்த யோசனைக்கு உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் தகரப் பெட்டி போய்விட்டதே! அடுத்து தொட்டில் கம்பும் ஒரு மூட்டையும் படியிறங்கிக்கொண்டிருந்தன. மேலே மழை பிடித்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் தமிழில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அண்ணனிடம் பீற்றிக்கொண்டவளும் நான்தான்.

எழுந்து நின்றேன். "எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. சாமானத் தூக்காதீங்க. நேத்து நான் சொன்னது தப்பு. கணக்குல தப்புப் பண்ணிட்டேன். மலை சரியும்னு பயமிருக்கு. லயத்துக்குப் போகாதீங்க" என்றேன்.

ஒரு பெரியவர், "கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுமாங்க?" என்றார்.

"அது சொல்லலைங்க. நாங்க தப்பாக் கேட்டோம்."

சாந்தி அக்கா என் முன்னால் வந்து நின்றார். "நேத்துப் பயமில்லன்னீங்க. இன்னைக்குப் பயம்ங்கிறீங்க. நாளைக்கு என்னா சொல்லுவீங்க? நாங்க என்னா, ஒங்க வெளையாட்டுச் சாமானா? இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரியில நாங்க படுற பாடு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்ப எப்படிப் பயமில்லன்னு சொன்னீங்க?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. கைகூப்பி, "என்னைத் திட்டுங்க, எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. போகாம இருங்க, போதும்" என்றேன். நிமேஷா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை புரியாமலே நின்றாள்.

ரவி அண்ணன்தான் முதலில் அசைந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மழையில் இறங்கி லயத்துப் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் ஒவ்வொருவராக மூட்டையைக் கீழே வைத்தார்கள். சேலைத் தடுப்புகளை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். திட்டிக்கொண்டேதான் கட்டினார்கள்.

பதுளைக்குத் திரும்பியதும் அண்ணன் விடுதி வாசலில் என் பையை இறக்கி வைத்துவிட்டு, "நான்தானே போன் பண்ணேன் மிஸ்" என்றார். நான்தானே அண்ணே சொன்னேன் என்றேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இந்த மாதிரிப் பட்டறைகள் வருடத்துக்கு இரண்டு மூன்றாவது நம் பக்கத்து நாடுகளில் நடக்கின்றன. துறை மின்னஞ்சல் குழுக்களில் சேர்ந்திருந்தால் செய்தி தானாக வரும். விண்ணப்பத்தில் உங்கள் முழுப் பிஎச்டியையும் கொட்டாதீர்கள், ஒரு சின்னக் கேள்வியை எடுத்துச் செல்லுங்கள். வேலை விஷயம் பேச டீ இடைவேளைதான் நல்ல நேரம். பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு மழை ஐப்பசியிலிருந்து தை வரை, குடையை நம்பாதீர்கள், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புமுன் பாருங்கள். கூட வேலை செய்பவரிடம் "குறியை யார் மாற்றுகிறோம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அவமானமில்லை. ஒன்றும் நடக்காத நாளையும் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம், டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

அந்த ஜெர்மன் வேலை நிமேஷாவுக்குக் கிடைத்தது. தப்பில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு, ஆனால் திருத்திய கணக்கை உரியவர்களுக்கு முறைப்படி எழுதிக்கொடுத்தது அவள்தான், அதையும் அழகாகச் செய்தாள். எனக்குச் சந்தோஷம்தான். முழுசாக இல்லை, முக்கால்வாசி. எனக்குப் பொங்கல் நெருங்குகிறது, எங்கேயாவது இடமிருந்தால் சொல்லுங்கள்.

போன வாரம் சாந்தி அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ரவி அண்ணனிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார். "மிஸ், சாந்தி பேசுறேன். கார்த்திகையும் முடியப் போகுது. இவ்ளோ மழை பெஞ்சும் மலை அப்படியேதான் நிக்கிது, ஒரு கல்லுகூட உருளல. நாங்க இன்னும் மண்டபத்துலதான் கெடக்குறோம். வேற எடம் தர்றோம்னு நெலம் பாக்குறாங்களாம், பாத்துக்கிட்டே இருக்காங்க. புள்ளைக்குச் சளி வேற. ஒங்க பேச்சக் கேட்டு இங்க ஒருத்தருக்கும் நிம்மதியில்ல, தெரிஞ்சுக்கங்க." இப்படியே நாலு நிமிடம் போகிறது. பின்னால் குழந்தை வீல் வீலென்று அழுகிறது, யாரோ யாரையோ கஞ்சி வடிக்கச் சொல்கிறார்கள்.

அந்த மலை வரலாம், வராமலே போகலாம். திருத்திய கணக்கும் தப்பாக இருக்கலாம், அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். செய்தியை அழிக்கவில்லை. விண்ணப்பம் எழுத உட்காரும்போதெல்லாம் ஒருமுறை போட்டுக் கேட்கிறேன். பதினோரு குடும்பமும், ஒருத்தர் குறையாமல், என் மேல் கோபமாக இருக்கிறார்கள்.